வரமும் பந்தியும்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ அந்த ஐயாவை உங்களில் பலர் இரண்டு இடங்களில் பார்த்திருப்பீர்கள். வார நாட்களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் எந்திரத்தின் முன்னால். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடிப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னச் சபையில், கையில் வேதாகமத்தோடு. அவரிடம் ஜெபம் பண்ணச் சொல்லி ஆட்கள் வருவார்கள். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதித் தரச் சொல்லியும் வருவார்கள். "ஐயாவுக்கு ஜெப வரம் இருக்கு" என்று யாராவது சொன்னால், "மனு எழுதுறதும் வரம்தாம்மா, அத மட்டும் ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று கேட்பார்.

இந்த ஆண்டுச் சொற்பொழிவை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். நம் அமைப்பில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், பௌத்தர்கள் இருக்கிறார்கள், கடவுள் மறுப்பாளர்களும் இருக்கிறார்கள். "ஆவிக்குரிய வரங்கள்" என்ற சொல் சிலருக்கு உயிரோடு கலந்தது, சிலருக்கு எரிச்சல் தருவது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம் மக்களில் எத்தனையோ பேர் தங்கள் வாழ்க்கையை இந்தச் சொல்லைக் கொண்டுதான் விளங்கிக்கொள்கிறார்கள். அதை விட்டுவிட்டு அவர்களோடு பேச முடியாது. ஆகவே இந்தச் சொல்லுக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டா, அந்த வரலாறு நமக்கு என்ன பொறுப்பைச் சுமத்துகிறது என்று பார்ப்போம்.

1. வரம் என்ற சொல்

தமிழில் வரம் என்றாலே புராணம் நினைவுக்கு வரும். ஒருவன் தவம் செய்கிறான், தெய்வம் தோன்றுகிறது, வரம் கிடைக்கிறது. கிடைத்த பிறகு அது அவன் சொத்து. யார் தலையில் வேண்டுமானாலும் அவன் கை வைக்கலாம். இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும். இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் சம்பூகன் தவம் செய்தான். அவன் சூத்திரன் என்பதற்காகத் தலை வெட்டப்பட்டான். வரம் கேட்பதற்கே சாதி உரிமை தேவைப்பட்ட நாடு இது.

பைபிளைத் தமிழாக்கியவர்கள் 'கரிஸ்மா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'வரம்' என்றே போட்டார்கள். கிருபையைக் குறிக்கும் 'காரிஸ்' என்ற சொல்லோடு சேர்ந்தது அது. இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்று பொருள். தவத்துக்குக் கூலியாக வந்ததில்லை, பிறப்பால் வந்ததும் இல்லை. பழைய சொல்லுக்குள் புதிய பொருள் நுழைந்தது. ஆனால் பழைய பொருள் வெளியே போகவில்லை. வரம் பெற்றவர் வரத்துக்கு முதலாளி என்ற எண்ணம் சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சொல் முதலில் விரிவாகப் பேசப்பட்ட இடத்தைப் பாருங்கள். கொரிந்து ஒரு துறைமுக வணிக நகரம். ரோமர்கள் அதை அழித்து, கி.மு. 44-இல் மறுபடி குடியேற்றினார்கள். குடியேறியவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் பலர். அங்கே பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். அந்தத் தொழிலில் தோல் வேலையும் உண்டு என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கி.பி. 50-களின் நடுவில் அவர் அந்தச் சபைக்குக் கடிதம் எழுதுகிறார். வரங்களின் பட்டியல் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது: ஞானம், அறிவு, விசுவாசம், குணமாக்குதல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், அந்நிய பாஷை, அதற்குப் பொருள் சொல்லுதல். நம் சபைகளில் பிரசங்கம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

அதற்கு முந்திய அதிகாரத்தைப் படியுங்கள். அங்கே ஒரு சாப்பாட்டுச் சண்டை. வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தின்று குடித்துவிடுகிறார்கள். பிறகு வருகிற ஏழைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடிமையும் கூலிக்காரரும் வேலை முடிந்துதானே வர முடியும்? ஷிப்ட் முடிந்து கடைசிப் பந்திக்கு ஓடி வருகிறவர்களுக்கு இது புரியும். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கோபப்படுகிறார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வரங்களைப் பற்றி எழுதுகிறார். உடலில் பலவீனமாகத் தோன்றும் உறுப்புதான் மிகவும் தேவையானது, கனம் குறைந்ததாக எண்ணப்படுவதற்குத்தான் அதிகக் கனம் தர வேண்டும் என்கிறார். வரம் எல்லோருடைய பயனுக்காகவும் கொடுக்கப்பட்டது என்கிறார். அந்த அதிகாரம் முடிவதற்குள் இன்னும் சில வரங்களைச் சேர்க்கிறார். அவற்றில் இரண்டு, பிறருக்கு உதவி செய்வதும் நிர்வாகம் செய்வதும். ஐயா சொன்ன மனு எழுதும் வரம் அங்கே இருக்கிறது.

ஆக, வரத்தைச் சோதிக்கும் இடம் பந்தி. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் பரிமாறலாம், யார் கையால் வாங்கலாம் என்பதில் வரம் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது.

2. ராஜநாயக்கன்

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அந்த அச்சுப் பக்கங்கள் தஞ்சைப் படையில் பணியாற்றிய ஒருவர் கைக்குப் போயின. அவர் பெயர் ராஜநாயக்கன். 1700-இல் பிறந்தவர், பறையர் சமூகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். தானே படித்து, தானே சிந்தித்து, 1727-இல் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். மக்களைச் சேர்த்தார், எதிர்ப்பைத் தாங்கினார். அவருடைய திறமையையும் பக்தியையும் மிஷனரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1733-இல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டு சபையில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் குருப்பட்டம் அது. ஆரோன் வேளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஆனால் 1741-இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பறையர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற தயக்கமே காரணம். 1771-இல் ராஜநாயக்கன் உபதேசியாராகவே இறந்தார்.

இங்கே நிதானித்துப் பாருங்கள். அவருக்கு வரம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. போதிக்கலாம், ஊர் ஊராக அலையலாம், அடி வாங்கலாம். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க மட்டும் கூடாது. வரத்தை ஒப்புக்கொண்டு பந்தியை மறுத்தார்கள். பிறகு வந்த முந்நூறு ஆண்டுகளில் நம் மக்கள் பல நிறுவனங்களில் கண்டது இதே வழக்கத்தைத்தான். வேலைக்கு வேண்டும், மேடைக்கு வேண்டாம்.

3. பாட்டெழுதிய கை

1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டார். சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெற வேண்டும் என்றதும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். சாதி வழக்கத்தைக் காத்து எழுதியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகிற எத்தனையோ கீர்த்தனைகளைத் தந்தவர். அவருடைய பாட்டு வரத்தை நாம் மறுக்கவில்லை. ஞானப்பாட்டு எழுதிய அதே கை சாதிக்கு வக்காலத்தும் எழுதியது என்பதையும் மறைக்கப்போவதில்லை. வரம் பெற்றவர் சொல்வதெல்லாம் வரத்திலிருந்து வருவதில்லை. இது கவிஞருக்கும் பொருந்தும், போதகருக்கும் பொருந்தும், இயக்க மேடையில் முழங்குகிற நமக்கும் பொருந்தும்.

1847-இல் மதுரையில் அமெரிக்க மிஷன் இன்னும் நேரடியான சோதனை வைத்தது. அன்பின் விருந்து என்று ஏற்பாடு செய்து, மிஷன் ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றது. உபதேசியார்கள் பலர் சாப்பாட்டைவிட வேலையை விடுவதே மேல் என்று போனார்கள். வேதத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு வேளைச் சோறு அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதே நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் வேறொன்று நடந்தது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1810-இல் பிறந்தவர், ரேனியஸின் மாணவர். வெளிநாட்டு மிஷனின் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்யலாம் என்ற வழியைத் தேர்ந்து, கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கினார். 1860-இல் அங்கே ஓர் எழுப்புதல் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், செய்த பாவங்களை எல்லோர் முன்னும் அறிக்கையிட்டார்கள். மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் ஐயப்பட்டார்கள். பெந்தெகொஸ்து இயக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே அது வெடிப்பதற்கு 46 ஆண்டுகள் முன்பே தென் தமிழ்நாட்டுக் கிராமங்கள் இதைக் கண்டுவிட்டன. குருப்பட்டமோ பள்ளிப் படிப்போ இல்லாத பெண் ஒருத்தி சபை நடுவில் எழுந்து நின்று பேசுவதற்கு அந்த எழுப்புதல் இடம் கொடுத்தது.

அந்த நெருப்பின் ஆபத்தையும் பார்க்க வேண்டும். அது திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே யூஸ்துஸ் யோசேப்பின் கூட்டத்தார் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். அந்த நாள் வந்து போனது. தீர்க்கதரிசனம் சொல்ல வரம் உண்டென்றால், அதைக் கேட்பவர்களுக்குச் சோதித்துப் பார்க்கும் கடமையும் உண்டு. பவுலின் பட்டியலில் தீர்க்கதரிசனத்துக்கு அடுத்து நிற்பது பகுத்தறியும் வரம்.

4. நம் ரயில் பாதையில்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான் போனது. அந்தப் பாதையின் இருபுறமும் இருந்த கிராமங்கள் அன்று செங்கல்பட்டு மாவட்டம். நிலம் ஊரில் இருந்தது, உழைப்பு சேரியில் இருந்தது. நம் முன்னோர் பலர் பரம்பரைப் படியாட்கள். குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம்.

திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி பணியாற்றினார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். பறையர் மக்கள் கூட்டம் கூட்டமாக மிஷனை நாடியபோது, பிரசங்கம் மட்டும் போதாது, நிலம் வேண்டும் என்று இந்த இருவரும் எழுதினார்கள், வாதாடினார்கள். 1891-இல் மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1892-இல் அரசாணைகள் வந்தன. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று போராடுவதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த வரலாற்றில் மிஷனரிகளுக்கும் ஆட்சியருக்கும் பெயர் இருக்கிறது. நாம் நினைக்க வேண்டியவர்கள் பெயர் இல்லாதவர்கள். சேரியில் எழுத்தறிந்த உபதேசியார், மண்ணெண்ணெய் விளக்கில் மனு எழுதியவர், மிராசுதாரின் மிரட்டலுக்குப் பிறகும் கைநாட்டு வைத்தவர்கள். உதவி செய்யும் வரம், நிர்வாக வரம் என்று பவுல் சொன்னவை இவர்கள் கையில் நிலமாக மாறின. அந்நிய பாஷை பேசுவது ஒரு வரம் என்றால், அதிகாரியின் பாஷையைச் சேரிக்குப் பொருள் சொல்வதும் ஒரு வரம்.

5. கதவுக்கு வெளியே கேட்ட மாணவர்

சாதி மட்டும்தான் வரத்துக்கு வேலி போட்டது என்று எண்ண வேண்டாம். நிறவெறியும் போட்டது. வில்லியம் சீமோர் 1870-இல் அமெரிக்காவின் லூசியானாவில், முன்னாள் அடிமைகளின் மகனாகப் பிறந்தவர். ஆவியின் அபிஷேகம் பற்றிப் படிக்க ஹூஸ்டன் நகரில் சார்லஸ் பர்ஹாம் நடத்திய வகுப்புக்குப் போனார். கறுப்பர் வெள்ளையரோடு உட்காரக் கூடாது என்பதால், அறைக்கு வெளியே இருந்து திறந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். ஏகலைவனை அறிந்த நமக்கு அந்தக் கதவு புதிதில்லை.

1906-இல் அதே சீமோர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில், பாழடைந்த ஒரு கட்டடத்தில் நடத்திய கூட்டங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகரும் சேர்ந்து மண்டியிட்டார்கள். அவருடைய ஆசிரியர் பர்ஹாம் வந்து பார்த்து அருவருத்துக் கண்டித்தார். 1914-இல் வெள்ளைப் போதகர்களே பெரும்பான்மையாக இருந்த தனி அமைப்பு உருவானது. கதவுக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர் எல்லோருக்கும் கதவைத் திறந்தார். திறந்த வழியாக வந்தவர்களில் பலர் தங்களுக்கென்று வேறு கதவு வைத்துக்கொண்டார்கள். வரத்தை வாங்கிக்கொண்டு பந்தியை மட்டும் பிரித்துக்கொள்ளும் பழக்கம் கண்டங்களைத் தாண்டியும் ஒன்றுதான்.

6. செருப்புத் தைத்தவரின் வழக்கு

1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள்.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்து வந்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த தெருவோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்குக் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று 1985-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்.

இந்தத் தீர்ப்பு அரசைப் பற்றியது மட்டுமில்லை. நம் சபைகளைப் பற்றியதும்தான். எங்களிடம் சாதி இல்லை என்று பிரசங்க மேடையில் சொல்லிவிட்டு, கல்லறையில் சுவர் வைத்த சபைகள் சூசைக்கு எதிராகச் சாட்சி சொன்னதுபோல் ஆயிற்று. உண்மையைச் சொல்வதுதான் தீர்க்கதரிசன வரம் என்றால், தங்களுக்குள் இருக்கும் சாதியை ஒப்புக்கொள்வதே சபைகள் செலுத்த வேண்டிய முதல் கடன். இதற்கு அந்நிய பாஷை தேவையில்லை, தமிழே போதும்.

7. பறையும் உலையும்

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவுவை மாணவர்கள் பரட்டை அண்ணன் என்று அழைத்தார்கள். 2005-இல் மறைந்தார். கர்நாடக இசையும் மேலைநாட்டு ராகங்களும்தான் பக்தி என்றிருந்த ஆராதனைக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். பறையை இழிவு என்று வெளியே வைத்திருந்த சபைகளுக்கு, அதை அடிக்கும் கையிலும் வரம் இருக்கிறது என்று காட்டினார். எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சமைத்து, எல்லோரும் சேர்ந்து உண்பதைத் தன் இறையியலின் மையத்தில் வைத்தார். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பந்தியை அவர் உலையிலிருந்து தொடங்கினார் என்று நாம் சொல்வோம்.

8. நம் பொறுப்பு

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. கிராமத்துச் சேரிகளிலிருந்து வேலை தேடி வந்த நம் குடும்பங்கள் வாடகை வீடுகளில் குடியேறி, மாடியிலும் ஷெட்டிலும் சபை வைத்தன. ஊர்ச் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு இங்கே ஒலிபெருக்கி கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போகிற அக்கா இங்கே மற்றவர் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். அந்த நிமிர்வைக் கேலி செய்கிற முற்போக்கு நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்தச் சபைகளை நேசிப்பதால் சிலவற்றைக் கேட்கிறோம்.

குணமாக்கும் வரம் இருந்தால் ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சர்க்கரை நோய்க்காரரும் காசநோய்க்காரரும் அரசு மருத்துவமனைக்குப் போக, கூடவே துணைக்குப் போங்கள். இலவசமாகப் பெற்றதற்கு விலைப்பட்டியல் வைக்காதீர்கள். காணிக்கைக் கணக்கைச் சபையின் முன் படியுங்கள். தீர்க்கதரிசனம் சொல்கிறவரைக் கேள்வி கேட்க இளைஞர்களை விடுங்கள். ஊழியத்தைத் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்துப்போல எழுதி வைக்காதீர்கள். பிறப்பால் வருவதை எதிர்த்துத்தானே வெளியே வந்தோம்? பெண்கள் சபையில் பேசக் கூடாது என்ற வரியைக் காட்டுகிறவர்கள், அதே கடிதத்தில் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாகக் குறிப்பிடுவதையும் படிக்கட்டும். நமக்குள்ளேயே ஒருவரை ஒருவர் உட்சாதி பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கிறோமே, அந்த வீட்டுப் பந்தியையும் சோதியுங்கள். மலக்குழியில் இறக்கப்பட்டுச் செத்தவருக்கு அடக்க ஆராதனை நடத்துகிற சபை, அடுத்த நாள் காவல் நிலையத்துக்கும் வர வேண்டும்.

மாணவர்களே, இதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி நீங்கள். ஆங்கிலம், சட்டம், எழுத்து, மேடைப் பேச்சு எல்லாம் உங்கள் உழைப்பால் வந்தவை என்பது உண்மை. உங்களுக்காக யாரோ ஒரு வேளை சாப்பிடாமல் இருந்ததும் உண்மை. அதை வரம் என்று சொல்லப் பிடிக்கவில்லையென்றால் கடன் என்று சொல்லுங்கள். திருப்பித் தரவேண்டிய இடம் தெருவிலேயே இருக்கிறது.

ஐயா இறந்த பிறகு அவர் பையைத் திறந்து பார்த்தோம். ஒரு பழைய வேதாகமம், ஒரு குயர் வெள்ளைத்தாள், இரண்டு பேனா, ஸ்டாம்ப் பேட். மனு எழுத வந்தவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக அந்த ஸ்டாம்ப் பேட். மை இன்னும் காயவில்லை. கூட்டம் முடிந்ததும் பின்னால் சாப்பாடு இருக்கிறது. வழக்கம்போல ஷிப்ட் முடிந்து கடைசியாக வருகிறவர்களுக்கு முதலில் இலை போடுவோம்.